பச்சைக் காலில் நிற்கும் சிவப்பு

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலைப் பூக்கடைகளில் கை ஓயாது. மல்லிகைச் சரத்தை முழம் போட்டுத் தருகிறவருக்கு நிமிர்ந்து முகம் பார்க்கவும் நேரமில்லை. கடை ஓரத்தில் துளசி, வெற்றிலைக்கொடி, கறிவேப்பிலைக் கன்று என்று பூசைக்கும் சமையலுக்கும் ஆகும் செடிகள் எப்போதும் இருக்கும். இப்போது அவற்றுக்கு நடுவே ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்னத் தொட்டிகள். விரல் நீளப் பச்சைத் தண்டு, அதன் உச்சியில் எலுமிச்சை அளவுக்கு ஓர் உருண்டை. ரத்தச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ஒன்றிரண்டு ரோஜா நிறத்திலும். காய்கறிப் பையோடு போகிறவர்கள் நின்று விலை கேட்கிறார்கள். சில வெள்ளிதான். வாங்கிவிடுகிறார்கள்.

மூன் கேக்டஸ் என்ற பெயரில் விற்கும் இந்தக் கள்ளியை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் கடைக்காரர் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்: "தண்ணியே வேணாம், சும்மா வச்சாப் போதும்." கேட்டவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கஷ்டமாக இருந்தது. சிங்கப்பூர் வீடுகளில் இந்தச் செடி ஓராண்டைத் தாண்டாமல் போவதற்கு அந்த வார்த்தைதான் பெரும் காரணம் என்பது என் கட்சி.

ஒரு தொட்டியை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பாருங்கள். தண்டு முப்பட்டையாக இருக்கும். பட்டையின் விளிம்பில் இடைவெளி விட்டு விட்டுச் சிறு முள்கொத்துகள். உருண்டை உட்கார்ந்திருக்கும் இடத்தில் பச்சை சட்டென்று முடிந்து சிவப்பு சட்டென்று தொடங்கும். நடுவில் காய்ந்துபோன பழுப்பு விளிம்பு ஒன்று நூல் மாதிரி ஓடும். ஒட்டுப் போட்ட தழும்பு அது. மேலே இருப்பது ஒரு செடி, கீழே இருப்பது முற்றிலும் வேறொரு செடி. மேலே உள்ளது ஜிம்னோகேலிசியம் என்ற கள்ளி இனம், பூர்வீகம் தென் அமெரிக்காவின் பராகுவே. கீழே உள்ளது ஹைலோசீரியஸ், அதாவது தேக்கா சந்தைப் பழக்கடைகளில் நாம் வாங்கித் தின்னும் டிராகன் பழத்தின் கொடி.

மேல் செடியில் பச்சையம் இல்லை. பல செடிகளில் சிவப்பும் மஞ்சளும் பச்சையத்துக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். இதில் மூடி மறைக்கப் பச்சை இல்லாததால் அந்த நிறங்கள் அப்படியே வெளியே தெரிகின்றன. அழகுக்குக் காரணமும் அதுதான், ஆபத்துக்குக் காரணமும் அதுதான். பச்சையம் இல்லாத செடி வெயிலிலிருந்து தன் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாது. விதையில் இருந்த சத்து தீர்ந்ததும் நாற்று செத்துவிடும். 1941 இல் ஜப்பானில் எய்ஜி வதனபே என்ற வளர்ப்பாளர் ஏராளமான பச்சை நாற்றுகளுக்கு நடுவே சிவப்பாக முளைத்திருந்த ஒன்றிரண்டைக் கவனித்து, அவை சாவதற்குள் வேறொரு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டிக் காப்பாற்றினார். இன்று உலகமெங்கும் விற்கும் சிவப்பு உருண்டைகள் அந்த வழியில் வந்தவை. பிறகு தென் கொரியா இந்தத் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டு, புதுப் புது நிறங்களை உருவாக்கி, ஏற்றுமதியில் முன்னணிக்கு வந்தது.

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை கள்ளிக் குடும்பத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் டிராகன் கொடி போன்ற குறிப்பிட்ட சில கள்ளிகளின் மேல் ஒட்டுக்கட்டிய, பச்சையமில்லாத இந்த நிறக்கள்ளிகளுக்கு மட்டும் அடிக்குறிப்பில் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். காட்டில் இப்படி ஒரு செடி கிடையாது, அதைப் பிடுங்கி விற்க யாராலும் முடியாது. மனிதக் கை விலகினால் ஒரே தலைமுறையில் இல்லாமல் போய்விடும். அதனாலேயே எனக்கு இதன் மேல் கூடுதல் அக்கறை.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் கண் உருண்டையின் மேல்தான் போகும். முதலில் தண்டைப் பாருங்கள். அது கரும்பச்சையாக, விறைப்பாக, மூன்று பட்டையும் புடைத்து நிற்க வேண்டும். அடிப்பகுதி மரத்துப்போய்ப் பழுப்பேறியிருந்தால் அந்தத் தண்டுக்கு வயதாகிவிட்டது. உருண்டையை மெல்ல அசைத்தால் ஆடக் கூடாது. பேரங்காடிகளில் சில சமயம் கள்ளியின் தலையில் காய்ந்த பூவைப் பசை வைத்து ஒட்டி விற்பார்கள். அதைத் தொடவே வேண்டாம், பசை பட்ட இடம் புண்ணாகிவிடும்.

கடைக்குப் பின்னாலேயே அடுக்குமாடிகள். எனக்குத் தெரிந்த ஆன்ட்டி ஒருவர் அங்கே குடியிருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். தாழ்வாரத்தில் அவர் செடிகள் வரிசையாகச் சுவரை ஒட்டி நிற்கின்றன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளின் தாழ்வாரங்களில் தீ விபத்து நேரத்தில் ஆட்கள் தடையில்லாமல் ஓடுவதற்கு 1.2 மீட்டர் அகலம் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஆன்ட்டி அதை மீறியதே இல்லை. தொட்டிகளை ஒற்றை வரிசைக்கு மேல் விடமாட்டார். டெங்கிக் கொசுவுக்குப் பயந்து தொட்டிக்கு அடியில் தட்டும் வைப்பதில்லை. தண்ணீர் தேங்கும் தட்டு கள்ளிக்கும் எமன் என்பதால் அந்தப் பயம் செடிக்கும் நல்லதாகவே முடிந்தது.

அவருடைய சிவப்புக் கள்ளிதான் சரியாக இல்லை.

"கள்ளிதானே, தண்ணியே வேணாம்னு சொன்னாங்க தம்பி. மாசத்துக்கு ஒரு தடவை ஒரு கரண்டி ஊத்துவேன். இப்ப பாரு, குச்சி சூம்பிப் போச்சு."

குனிந்து பார்த்தேன். பட்டைகள் உள்ளே ஒடுங்கி, தண்டு தட்டையாகிக் கிடந்தது. இப்படிச் சூம்புவதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். தாகம் ஒன்று, வேர் அழுகல் மற்றொன்று. விரலால் அடித்தண்டை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மெலிந்திருந்தாலும் கெட்டியாக இருந்தால் தாகம். தண்ணீர் கொடுத்தால் சில நாளில் புடைத்துக்கொள்ளும். பொதபொதவென்று விரல் அமிழ்ந்து, பழுப்பு நிறம் மேலே ஏறியிருந்தால் அழுகல். ஆன்ட்டியின் செடியில் இரண்டுமே நடந்திருந்தது. பல வாரம் காய்ந்து வேர் செத்திருக்கிறது. பிறகு பேரப்பிள்ளை யாரோ இரக்கப்பட்டுக் குவளைக் கணக்கில் ஊற்ற, செத்த வேர் அழுகி அது தண்டுக்குத் தொற்றியிருக்கிறது. வாங்கியபோது தொட்டியில் இருந்த நார்மண்ணை மாற்றாததும் சேர்ந்துகொண்டது. அந்த மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது, நனைந்தால் லேசில் காயாது.

உருண்டை மட்டும் நன்றாக இருந்தது. தொட்டால் கெட்டி. விலாப் பள்ளங்களில் சுண்டைக்காய் அளவில் நான்கைந்து பிள்ளைகள் வேறு விட்டிருந்தது. பள்ளம் ஒன்றில் பஞ்சுப் பொட்டுப் போல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்க, பார்த்தால் மாவுப்பூச்சி. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் காதுக்குச்சியை நனைத்து அங்கேயே துடைத்தெடுத்தோம்.

"எங்க ஊர்ல சப்பாத்திக் கள்ளியிலயும் இப்படித்தான் வெள்ளையாப் பூத்துக் கிடக்கும்," என்றார் ஆன்ட்டி. அவருக்கு ராமநாதபுரம் பக்கம். அவர் சொன்னதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. சப்பாத்திக் கள்ளியும் நம் ஊர்ச் செடி இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதில் வாழும் காச்சினீல் பூச்சியை நசுக்கினால் சிவப்புச் சாயம் கிடைக்கும் என்பதற்காக, 1780களின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. கள்ளி மட்டும் தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களில் கட்டுக்கடங்காமல் பரவியது. 1926 இல் இலங்கையிலிருந்து வேறொரு காச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது. ஆன்ட்டி சின்ன வயதில் பார்த்த வெள்ளைப் பூச்சு அந்தப் பூச்சியாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் துடைத்தெடுத்த மாவுப்பூச்சி அதற்குத் தூரத்து உறவு. சப்பாத்திப் பழம் தின்றால் வாயெல்லாம் சிவக்குமே, அந்தச் சாறும் பீட்ரூட்டின் சிவப்பும் மூன் கேக்டஸின் சிவப்பும் ஒரே வகை நிறமிதான், பீட்டாலைன்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். மேலே உள்ள உருண்டைக்கு உச்சி வெயில் ஆகாது. பச்சையம் இல்லாத தோல் வெளிறி, பிறகு வெந்து, தழும்பாகிவிடும். கீழே உள்ள தண்டுக்கோ நல்ல வெளிச்சம் வேண்டும், இருவர் சாப்பாட்டை அது ஒற்றை ஆளாகச் சமைக்கிறது. இருட்டு மூலையில் வைத்தால் முதலில் தண்டு வெளிறும், அடுத்து உருண்டையின் நிறம் மங்கும். காலை வெயில் இரண்டு மணி நேரம், மற்ற நேரம் வெட்டவெளியின் வெளிச்சம். இதுதான் அளவு. அறைக்குள் மேசை மேல் அலங்காரமாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்கு அரையிருட்டு.

சிங்கப்பூரில் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றே கால் பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை தெற்கே. அதனால் வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூன் மாதம் வெயில் எட்டிப் பார்க்கும், டிசம்பரில் நிழல் மட்டுமே. தெற்குப் பார்த்த வீட்டில் நேர்மாறு. ஜனவரியில் நன்றாக இருந்த செடி ஜூலையில் திடீரென்று வெந்துபோனது என்று யாராவது சொன்னால், செடி நகரவில்லை, சூரியன் நகர்ந்தது என்று அர்த்தம். ஆன்ட்டி வீடு வடக்குப் பார்த்தது. ஆண்டுக்கு இரண்டு தடவை தொட்டியின் இடத்தை மாற்றச் சொன்னேன். தமிழ் நாள்காட்டியை எடுத்து வந்து சித்திரையையும் ஐப்பசியையும் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டார்.

அழுகிய தண்டை இனிக் காப்பாற்ற முடியாது. உருண்டையை ஒரு பிடித் தண்டோடு வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "எடுத்துட்டுப் போ, பொழைக்க வச்சுக் கொண்டா," என்றார். காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதை ரயில் ஏறினால் நான்காவது நிலையம் பேஃபிரன்ட். ஒட்டுக்கட்டித் தரும் நர்சரிக்குப் போகுமுன், அங்கே இறங்கிக் கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோமுக்குள் ஒரு நடை போய்வந்தேன். பாலைவனத் தாவரங்கள் உண்மையில் எதைக் கேட்கின்றன என்பதை அந்தக் கண்ணாடிக் கூடம் உடம்பாலேயே உணர்த்திவிடும். கதவைத் தாண்டியதும் தோலில் இருந்த வேர்வை காய்கிறது. உள்ளே பகலில் 23 முதல் 25 பாகை செல்சியஸ், காற்று உலர்ந்து கிடக்கும். காற்றை முதலில் ஈரம் உறிஞ்சும் திரவத்தின் வழியே செலுத்தி உலர்த்துகிறார்கள், பிறகுதான் குளிர்விக்கிறார்கள். அந்தத் திரவத்தை மறுபடி உலர்த்துவதற்கான சூடு, தீவில் வெட்டிப்போடும் மரக்கிளைகளையும் தழைகளையும் எரிக்கும் கொதிகலனிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், தூண் தூணாக நிற்கும் கள்ளிகளையும் பெருவயிறு கொண்ட பாவோபாப் மரங்களையும் உயிரோடு வைத்திருக்க இத்தனை ஏற்பாடு.

ஆன்ட்டியின் தொட்டிக்கு இதில் எதுவும் தேவைப்படாது. காரணம் அதன் கீழ்ப்பாதி. டிராகன் கொடி பாலைவனத்துச் செடியே இல்லை; மத்திய அமெரிக்கப் பக்கத்து வெப்பக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் தொற்றுக்கொடி. இலைமக்கும் ஈரக்காற்றும் மரநிழலும் அதற்குப் பழக்கம். அதற்கு ஆகாதது குளிர். 10 பாகைக்குக் கீழே போனால் தண்டு கெட்டுவிடும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் இந்தச் செடிகள் சன்னலோரத்தில் மடிவது அதனால்தான். சிங்கப்பூரிலோ இரவில் 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். சரியாகப் பார்த்துக்கொண்டால் இந்தச் செடிக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. பாலைவனம் என்று நினைத்துக் கொடியைப் பட்டினி போடுகிறோம், அவ்வளவுதான். மண்ணில் சாத்தே குச்சியைச் செருகி எடுத்தால் ஈரம் ஒட்டாமல் வர வேண்டும். வந்ததும் தண்ணீர் ஊற்றலாம். காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் காய்ந்தால் இரண்டு தடவை என்று அமையும். டிசம்பர், ஜனவரி அடைமழையில் இடைவெளி நீளும்.

தாம்சன் சாலை நர்சரி ஒன்றில் ஒட்டுக்கட்டத் தெரிந்த தம்பி ஒருவர் வேலை செய்கிறார். பட்டுக்கோட்டைக்காரர். ஊரில் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டிப் பழகிய கை. ஆன்ட்டியின் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல நல்லாத்தான் இருக்குண்ணே. கால்தான் போச்சு. வேற கால் வச்சிருவோம்," என்றார்.

வேரூன்றி நின்ற டிராகன் தண்டு ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். நுனி இளசாகவும் இருக்கக் கூடாது, அடி மரத்தும் இருக்கக் கூடாது. நகம் பட்டால் சாறு வருகிற பருவம். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, மண்ணிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்டினார். முக்கோணமாகத் தெரிந்த வெட்டுமுகத்தின் மூன்று மூலைகளையும் சாய்வாகச் சீவிவிட்டார். வெட்டிய சதை காயும்போது உள்வாங்கும். ஓரங்கள் கெட்டியாக மேலே நின்றால் உருண்டையைத் தூக்கிவிட்டுவிடுமாம். அதன் பிறகு மறுபடி ஒரு மெல்லிய வில்லையை மேலாகச் சீவி, எடுக்காமல் அப்படியே மூடியாக விட்டார், உருண்டையைத் தயார் செய்யும்வரை காற்றுப் படாமல் இருக்க.

உருண்டையின் அடியில் ஒட்டியிருந்த பழைய தண்டை முழுக்க நீக்கி, சிவப்புச் சதை தெரியும்வரை சீவினார். அழுகலின் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. நடுவில் வெளிறிய வளையம் ஒன்று தெரிந்தது. தண்டின் வெட்டுமுகத்திலும் அதே மாதிரி சின்ன வளையம். தண்ணீரும் சர்க்கரையும் ஓடும் குழாய்களின் வரிசை அது.

"இந்த ரெண்டு வட்டமும் ஒன்னை ஒன்னு தொடணும்ணே. சைஸ் ஒத்துவராது, அது பரவாயில்ல. நட்டநடுவுல வச்சா சின்னது பெருசுக்குள்ள மாட்டிக்கிட்டுத் தொடாமலே நிக்கும். கொஞ்சம் ஓரமாத் தள்ளி வச்சா வெட்டிக்கிட்டுப் போகும்."

மூடியாக இருந்த வில்லையை வழித்தெறிந்தார். உருண்டையை வைத்து, காற்றுக் குமிழ் வெளியேற லேசாகத் திருகி அழுத்தினார். ரப்பர் பட்டை ஒன்றைத் தொட்டியின் அடியிலிருந்து உச்சிவரை போட்டு, இன்னொன்றைக் குறுக்கே மாட்டினார். இறுக்கம் அதிகமானால் சதை வெட்டுப்படும், தளர்ந்தால் வளையம் விலகும். அவர் விரலால் பட்டையைச் சுண்டிப் பார்த்துச் சரிசெய்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மொத்த வேலையும் ஐந்து நிமிடத்துக்குள். தண்டுக்குக் கீழே சுட்ட மண்ணும் படிகக்கல்லும் பாதி, மக்கிய உரம் பாதி.

உருண்டையில் விட்டிருந்த பிள்ளைகளில் இரண்டைக் கிள்ளி எடுத்து, வேறு இரண்டு தண்டுகளின் மேல் அதே மாதிரி கட்டிவைத்தார். ஒன்று பிடிக்காவிட்டாலும் ஒன்று நிற்கட்டும் என்று. ஒட்டுச்செடிக்கு ஆயுள் மூன்று நான்கு ஆண்டுதான் என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் அதைக் குப்பையில் போடப் பழகிவிட்டோம். தண்டும் உருண்டையும் வளரும் வேகம் வேறு, ஒரு கட்டத்தில் தண்டு மூத்து ஓய்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஓய்வது கால் மட்டும். தலையோ அதன் பிள்ளையோ புதுக் காலில் ஏறிக்கொண்டே போகலாம். ஜப்பானில் தொடங்கியது இன்றுவரை வந்து சேர்ந்திருப்பது அப்படித்தான். பட்டுக்கோட்டைத் தம்பிக்குத் தெரிந்த இந்த வேலையைச் சமூகத் தோட்டங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொடுத்தால், தீவு முழுக்க எத்தனையோ தொட்டிகள் குப்பைத் தொட்டிக்குப் போகாமல் தப்பும்.

"பத்து நாள் நிழல்ல இருக்கட்டும். ஒட்டு மேல சொட்டுத் தண்ணி படக் கூடாது, மண்ணுல மட்டும் லேசா. அப்புறம் ரப்பரக் கழட்டிரலாம். கீழ்த்தண்டுல புதுசாக் கிளை வந்தா உடனே கிள்ளிடச் சொல்லுங்க, இல்லேன்னா சத்தெல்லாம் அதுக்குப் போயிரும்," என்றார் தம்பி.

நர்சரி வாசலில் நின்றே ஆன்ட்டிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பத்து நாளைக்கு அப்புறம் எவ்வளவு தண்ணி தம்பி? கரண்டியா, டம்ளரா?"

"அடித் துவாரத்துல வழியிற வரைக்கும் ஊத்துங்க ஆன்ட்டி. அப்புறம் சாத்தே குச்சி காய்ஞ்சு வர்ற வரைக்கும் தொடாதீங்க."